டாக்டரிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறார்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. பி.எஸ்சி. முடித்துவிட்டு ஏழு மாதமாக வேளச்சேரியில் ஒரு ஸ்கின் கிளினிக்கில் அசிஸ்டென்டாக இருக்கிறேன். போன வாரம் படர்தாமரையோடு வந்த ஒருவர், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய க்ரீமை மூன்று மாதம் போட்டதாகச் சொல்லிவிட்டு, 'டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க, திட்டுவாங்க' என்றார். நானும் சொல்லவில்லை. வியாசர்பாடியில் இருக்கும் என் சித்தி முகத்தில் மங்குக்கு க்ரீம் கேட்டு நச்சரித்ததால், வேறொரு பேஷன்ட்டின் சீட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நாலு மாதமாகப் போடுகிறார், இப்போது முகம் சிவந்து எரிகிறதாம். தூக்கமே வரவில்லை. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையா? விட்டுவிடட்டுமா?

பதில்: தங்கச்சி, வேலையை விடுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் சித்தி.

மங்குக்கு எழுதும் கலவை க்ரீமில் பெரும்பாலும் மூன்று மருந்து இருக்கும்: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு. டாக்டர் அதை ராத்திரி மட்டும், சில வாரம் மட்டும், பகலில் சன்ஸ்கிரீனோடு என்று சொல்லி, திரும்ப வந்து காட்டச் சொல்லியிருப்பார். சித்திக்குப் போய்ச் சேர்ந்தது க்ரீமின் பெயர் மட்டும்தான். முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆகும், அக்கம்பக்கத்தில் நாலு பேர் கேட்பார்கள், நிறுத்த யாருக்கு மனசு வரும்? அப்படியே மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, வெயில் பட்டால் எரிந்து, சின்னச் சின்னப் பருக்கள் வந்து, சிலருக்குப் பூனைமுடிகூட முளைக்கும். நிறுத்தினால் முதலில் இன்னும் சிவக்கும், அதற்குப் பயந்து மறுபடி அதையே தடவுவார்கள். அதனால் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போ. உன் கிளினிக் ஃபீஸ் கட்ட முடியாதென்றால் சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, காலையில் சீக்கிரமே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். டியூபைக் கையில் எடுத்துப் போ. நாலு மாதத்தை ஒரு மாதம் என்று சித்தி குறைத்துச் சொல்லப் பார்ப்பார், நீ பக்கத்தில் நின்று சரியாகச் சொல்.

அந்த போட்டோவை உன் போனிலிருந்தும் சித்தி போனிலிருந்தும் அழித்துவிடு. அதில் இன்னொரு மனுஷியின் பெயர், வயது, நோய் எல்லாம் இருக்கிறது. உன் டாக்டரிடமும் நீயே போய்ச் சொல்லிவிடு. திட்டு விழும், வாங்கிக்கொள்.

இப்போது படர்தாமரைக்காரர். நானும் பாண்டி பஜார் பக்கம் ஒரு தோல் டாக்டரின் அறை வாசலில் 11 வருடம் நின்றவள், அதனால் இது எனக்கு நன்றாகத் தெரியும். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லோருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறும்போதும், சட்டையைக் கழற்றும்போதும்தான் உண்மை வெளியே வரும், அதுவும் நம்மிடம்தான் வரும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், மெஷின் மேல் நின்றபடி 'அக்கா, அடுத்த மாசம் கல்யாணம்' என்றாள். நான் சந்தோஷமாகச் சிரித்து, 52 கிலோ என்று எழுதி உள்ளே அனுப்பினேன். உள்ளே அவள் அம்மாதான் பேசினார், பரு குறைந்ததைப் பற்றி மட்டும். இன்னொரு மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாயிற்று. இரண்டு நாள் கழித்து மஞ்சள் தடவிய பத்திரிகையோடு வந்து நின்றாள். டாக்டர் தேதியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், உடனே மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது கரு தரித்தால் குழந்தைக்குப் பெரிய குறைகள் வரலாம், நிறுத்திய பிறகும் குறைந்தது ஒரு மாதம் தள்ளிப்போட வேண்டும். அந்தப் பெண்ணைத் தனியே உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டு என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: 'உனக்கு எப்பத் தெரியும்?' இன்றைக்கும் அந்தக் கேள்வி எனக்குக் கேட்கிறது.

உன் படர்தாமரைக்காரருக்கு வருவோம். படர்தாமரை பூஞ்சையால் வருவது. அதற்கு ஸ்டீராய்டு கலந்த க்ரீம் போட்டால் அரிப்பு உடனே அடங்கும், சிவப்பும் குறையும், ஆனால் பூஞ்சை உள்ளுக்குள் சுகமாக வளர்ந்து பரவும். வட்டமாக இருக்க வேண்டிய ஓரமே அழிந்துபோவதால், பார்த்தால் வேறு ஏதோ நோய் மாதிரி இருக்கும், தேர்ந்த டாக்டரேகூட ஏமாறலாம். அவர் போட்டது இன்னதென்று தெரிந்தால் டாக்டர் பிளேடால் செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார், மருந்தையும் அதற்கேற்ப எழுதுவார். நீ வாயை மூடிக்கொண்டதில் அந்த மனிதர் இன்னும் எத்தனை வாரம் சொறியப் போகிறாரோ. சென்னை வேர்வையில், ஒரே துண்டை வீடே துடைத்துக்கொள்ளும் இடத்தில், மனைவி பிள்ளைகளுக்கும் வந்துவிடும்.

'என்ன க்ரீம்' என்று கேட்டால் யாருக்கும் பெயர் தெரியாது. 'வெள்ளைக் கலர், மூடி நீலம்' என்பார்கள். டியூபை எடுத்து வரச் சொல். பீடா மாதிரி கடைசிவரை சுருட்டி வைத்திருப்பார்கள், அதை மெல்லப் பிரித்து நீவிவிட்டால் பொடி எழுத்தில் இருக்கும்: க்ளோபெட்டசால், பெட்டமெத்தசோன், மொமெட்டசோன். இவற்றில் எது இருந்தாலும் ஸ்டீராய்டு. 2018-லேயே இந்த மாதிரி க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கொண்டுவந்துவிட்டார்கள், ஆனாலும் கடையில் கேட்டால் கிடைக்கிறது. பெயரையும் எத்தனை மாதம் என்பதையும் கேஸ் ஷீட்டில் எழுதிவிடு.

'சொல்லிடாதீங்க' என்பவரிடம், 'நான் டாக்டர்கிட்ட சொல்லாம இருக்க முடியாதுங்க, ஆனா அவங்க திட்டாத மாதிரி நானே முதல்ல சொல்லிடறேன்' என்று நேராகச் சொல். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சிலருக்கு யாராவது சொல்லிவிட்டால் தேவலை என்றே இருக்கும். மாமியாரோடு வந்த மருமகள் கண்ணாலேயே எதையோ சொன்னால், உடை மாற்ற என்று திரைக்குப் பின்னால் கூட்டிப் போய்க் கேள். வெளுத்த தேமலைக் காட்டி 'இங்க எறும்பு கடிச்சாகூடத் தெரியல' என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னால் கொஞ்சமும் தாமதிக்காதே, அது தொழுநோயாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் முழுசாகக் குணமாகும், அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

வேலையை விடாதே. செய்த தப்புக்குத் தூக்கம் கெடுகிறவள்தான் அந்த வாசலில் நிற்க வேண்டும். உறவுக்காரர் யாராவது இனி க்ரீம் கேட்டால், 'பெயர் சொல்ல மாட்டேன், அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தரேன்' என்று சொல்லிப் பழகு. சித்தியின் முகத்தை நினைத்துக்கொண்டால் வாய் தானாக வரும்.

அந்தப் படர்தாமரைக்காரரின் நம்பர் ரிஜிஸ்டரில் இருக்கும். நாளைக்குக் காலையில் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவருக்குப் போன் போட்டு, டியூபோடு வரச் சொல்.