தலைமை ஏற்கச் சொல்கிறார்கள், தயங்குகிறேன்

கேள்வி: ஒரு கல்லூரி அலுவலகத்தில் 22 ஆண்டுகளாகத் தட்டச்சராக இருக்கிறேன். அப்பாவுக்கு ஆண் வாரிசு இல்லை. அவர் காலமான பிறகு எங்கள் குலதெய்வக் கோயில் நிர்வாகத்தை நான்தான் ஏற்க வேண்டும் என்று பங்காளிகள் சிலர் வற்புறுத்துகிறார்கள். வேறு சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கடிதம் அடித்தே காலம் கழித்தவளுக்கு இந்தப் பெரியதனம் சரிவருமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புச் சகோதரி,

கடிதம் அடித்தே காலம் கழித்தவள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுப் பெண் ஒருவர் நினைவுக்கு வந்தார். தெரசா கச்சிந்தமோட்டோ. டெட்சா மாவட்டத்தில், ங்கோனி இனத்தின் தலைவர் பரம்பரையில், 12 பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தவர். ஸோம்பா நகரில் ஒரு கல்லூரியில் 27 ஆண்டுகள் செயலாளராக வேலை பார்த்தார். ஐந்து மகன்களுக்குத் தாய். 2003இல் ஊரிலிருந்து ஆள் வந்தது: மனிதர்களோடு பழகத் தெரிந்தவள் நீ, இனி நீதான் மூத்த தலைவர். உனக்கு விருப்பமா என்று ஒருவரும் கேட்கவில்லை. உங்களிடமாவது கேட்கிறார்கள்!

சிவப்பு அங்கி, மணிமாலை, தலையில் சிறுத்தைத் தோல் பட்டை. இந்தக் கோலத்தோடு ஊர் திரும்பியவர் கண்ணில் பட்டவர்கள், இடுப்பில் குழந்தையோடு நின்ற 12 வயதுச் சிறுமிகள். வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். முதலில் பெற்றோரிடம் பேசிப் பார்த்தார். பரம்பரை வழக்கத்தில் கைவைக்க நீ யார், ஐந்தும் ஆணாகப் பெற்ற உனக்குப் பெண்ணைப் பெற்றவர்கள் பாடு என்ன தெரியும் என்று திருப்பிக் கேட்டார்கள். உங்களுக்கும் இந்த மாதிரிப் பேச்சு ஒன்று எங்கோ தயாராகிக்கொண்டுதான் இருக்கும்.

இதற்குப் பிறகு அவர் செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். கூட்டம் போட்டு முழங்குவதோடு நிற்கவில்லை, காகிதத்தை எடுத்தார். தமக்குக் கீழிருந்த 50 துணைத் தலைவர்களை அழைத்து, சிறுவயது மணங்களை நிறுத்துவோம், நடந்தவற்றை ரத்து செய்வோம் என்று எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். கையெழுத்துப் போட்ட பிறகும் நான்கு பேர் தங்கள் பகுதியில் அத்தகைய மணங்களை அனுமதித்தார்கள். நால்வரையும் பதவியிலிருந்து இறக்கினார். அந்த மணங்கள் ரத்தானது உறுதியான பிறகே மறுபடி சேர்த்துக்கொண்டார். வாங்கிய கையெழுத்தைக் கோப்பில் தூங்கவிடாமல் பின்தொடர்வது, ஆதாரம் வராமல் அடுத்த படிக்குப் போகாமல் இருப்பது, இதெல்லாம் உங்கள் அலுவலகத்தில் நீங்கள் தினமும் செய்கிற வேலைதானே?

2015இல் மலாவி நாடாளுமன்றம் திருமண வயதை 18 ஆக்கியது. ஆனால் பெற்றோர் சம்மதித்தால் 15 வயதிலேயே மணம் முடிக்கலாம் என்ற ஓட்டை அரசியல் சாசனத்தில் 2017 வரை இருந்தது. வழக்கப்படி நடந்த மணத்தை வழக்கப்படியே முறிக்கும் அதிகாரம் தலைவருக்கு இருந்ததால், தெரசா அந்த ஓட்டை அடைபடும்வரை காத்திருக்கவில்லை. 2016 தொடக்கத்துக்குள், மூன்றே ஆண்டுகளில், 850க்கும் மேற்பட்ட மணங்களை ரத்து செய்துவிட்டார். கொலை மிரட்டல்களும் வந்தன. மீட்ட சிறுமிகளைப் பள்ளிக்கு அனுப்பினார். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குத் தாமே கட்டினார், அல்லது கட்டுவதற்கு ஆள் பிடித்தார். படிப்பைப் பாதியில் நிறுத்துகிறார்களா என்று பார்க்க ஊர்தோறும் பெற்றோர் சிலரை நியமித்தார். என்னைக் கேட்டால், ரத்து செய்ததைவிட இந்தக் கண்காணிப்புதான் பெரிய வேலை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கோயில் நிர்வாகமும் மலாவித் தலைமையும் ஒன்றல்ல, தெரியும். ஆனாலும் சரி என்று சொல்வதற்கு முன் கடந்த ஐந்து ஆண்டு வரவுசெலவு நோட்டையும் நிலப் பத்திர நகல்களையும் கேளுங்கள். பொறுப்பு உங்களுக்கு என்பதைப் பங்காளிகள் எல்லோரும், முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் சேர்த்து, எழுதிக் கையெழுத்திடட்டும். அந்தத் தாளை நீங்களே தட்டச்சு செய்து எடுத்துப் போங்கள். நோட்டைக் காட்ட மறுத்தால் பொறுப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதையும் எழுத்திலேயே.