பொங்கல் கரும்புக்கு அரசின் ஊக்கத்தொகை உண்டா?

கேள்வி: தோவாளை வட்டத்தில் எனக்கு 60 சென்ட் நன்செய் உள்ளது. நெல்லுக்குப் பதிலாகச் செங்கரும்பு நட எண்ணுகிறேன். கரும்புக்கு டன்னுக்கு ரூ.3,500 கிடைப்பதாகச் சொல்கிறார்கள். எனக்கும் கிடைக்குமா? வேறு என்ன உதவி பெறலாம்?

பதில்: அந்தத் தொகை உங்களுக்குக் கிடைக்காது. 2024-25 அரவைப் பருவத்தில், சர்க்கரைக் கட்டுமானம் (அரைத்த கரும்பின் எடையில் கிடைக்கும் சர்க்கரையின் பங்கு) 9.5 சதவீதத்துக்கு மேற்படாத ஆலைகளுக்கு ஒன்றிய அரசு நிர்ணயித்த விலை டன்னுக்கு ரூ.3,151, அதனுடன் தமிழ்நாடு அரசு அறிவித்த சிறப்பு ஊக்கத்தொகை ரூ.349 சேர்ந்து வந்ததே நீங்கள் கேள்விப்பட்ட கணக்கு. இது ஆலைக்குப் பதிவு செய்து வெட்டி அனுப்பும் கரும்புக்கு மட்டுமே உரியது. 14 நாட்களுக்குள் பணம் தராத ஆலை 15 சதவீத வட்டி தர வேண்டும் என்ற பாதுகாப்பும் அப்படியே. குமரி மாவட்டத்தில் சர்க்கரை ஆலை இல்லை. செங்கரும்போ கடித்துத் தின்பதற்கான ரகம்.

உங்களுக்குப் பொருந்தக்கூடியது, குடும்ப அட்டைதாரர்களுக்கான பொங்கல் பரிசுத் தொகுப்புக்கு அரசு நேரடியாகச் செய்யும் கொள்முதல். ஆனால் அதை நம்பி மட்டும் நட வேண்டாம் என்பதே என் கருத்து. கரும்பு சித்திரையில் மண்ணுக்குள் போகிறது. அறிவிப்போ மார்கழியில்தான் வருகிறது. 2023 பொங்கலுக்கு முதலில் வந்த அறிவிப்பில் கரும்பே இல்லை. விவசாயிகள் போராடிய பிறகு, 2022 டிசம்பர் இறுதியில்தான் சேர்க்கப்பட்டது. அப்போது ஒரு கரும்புக்கு வைத்த உச்ச விலை ரூ.33; வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை எல்லாம் அதற்குள் அடக்கம் என்பதால், முழுத்தொகையும் கைக்கு வரும் என்று கணக்குப் போடக் கூடாது. ஆறடிக்குக் குறைந்ததும், நோய் தாக்கியதும் கழிக்கப்படும். ஆகவே அவ்வப்போது சோகை (காய்ந்த தோகை) உரித்து, சாயாமல் கம்பு நட்டுக் கட்டி வளர்க்கும் கூலியையும் முன்கூட்டியே கணக்கில் சேருங்கள்.

அதைவிடப் பெரிய கேள்வி தண்ணீர். பேச்சிப்பாறை அணை வழக்கமாக பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டு ஜூன் தொடக்கத்தில் திறக்கப்படுகிறது. உங்கள் கரணை (நடும் கரும்புத் துண்டு) முளைத்துத் தூர்கட்டும் நாட்கள் சரியாக அந்த இடைவெளியில் விழுகின்றன. சொந்தக் கிணறு இல்லையென்றால் இந்த யோசனையை விட்டுவிடலாம். கிணறு இருந்தால் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விண்ணப்பியுங்கள்: சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று, சிட்டா (நில உரிமை விவரம்), அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு), நில வரைபடம், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள்.

பயிர்க்கடனுக்கு உங்கள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை அணுகலாம். உரிய தவணைக்குள் திருப்பிச் செலுத்தினால் வட்டி இல்லை. பி.எம். கிசான் ஆண்டுத் தொகை ரூ.6,000 எந்தப் பயிர் என்பதைப் பார்ப்பதில்லை.

நட்டவுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் கரும்பு என்று பதிவு செய்யுங்கள். ஜூலையில் பசலி (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) மாறுவதால், புதிய பசலியிலும் அந்தப் பதிவு வந்திருக்கிறதா என்று பாருங்கள். கொள்முதலுக்கு வரும் அலுவலர்கள் உண்மையான சாகுபடியாளரைத் தேடும்போது கையில் இருக்க வேண்டியது அதுதான். இடையில் வியாபாரி வந்து தோட்டத்தோடு விலை பேசினால், கட்டுக்கு எத்தனை கரும்பு, வெட்டுக்கூலி யார் பொறுப்பு என்ற இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் பெறுங்கள்.