தராசு யாரிடம் போனது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோவையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். சிறுபத்திரிகைகளில் நான்கு சிறுகதைகள் வந்திருக்கின்றன. ஐந்தாவது 14 மாதமாகக் கிடப்பில் கிடக்கிறது. பொள்ளாச்சியில் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். நான் கல்லூரி மூன்றாம் ஆண்டு, ஹாஸ்டலில் இருந்தபோது கடையை மூடிவிட்டார். அந்தக் கடைசி நாள்தான் கதை. 11 பக்கம் மளமளவென்று வந்தது. அப்பா ஷட்டரை இறக்கும் இடத்தில் நின்றுவிட்டது. ஞாயிறுதோறும் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து உட்காருகிறேன். நோட்டை மாற்றினேன், பேனாவை மாற்றினேன், வால்பாறையில் மூன்று நாள் தங்கிப் பார்த்தேன். ஒரு வரி நகரவில்லை. மௌனி மொத்தமே 24 கதைகள்தான் எழுதினார் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். உந்துதல் தானாக வருவதா, நாம் வரவழைப்பதா? அப்பா இப்போது ஊரில்தான் இருக்கிறார். கடையைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. எழுதியவரை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மௌனியை விட்டுவிடுங்கள். எழுத்து நின்றுபோன எல்லாரும் அவரைத்தான் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். அந்த 24-ஐ எழுதியவர் அவர். நீங்கள் எழுதாத ஐந்தாவதுக்கு ஜாமீன் நிற்க மாட்டார். சுந்தர ராமசாமியையும் இப்படி இழுப்பவர்கள் உண்டு. ‘புளியமரத்தின் கதை’ 1966, அடுத்த நாவல் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981, நடுவில் 15 வருடம் என்பார்கள். அந்த நடுவில்தான் பசுவய்யா என்ற பெயரில் அவருடைய கவிதைத் தொகுப்பு வந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

11 பக்கத்தையும் படித்தேன். நடை சுத்தமாக இருக்கிறது. ஆனால் ‘கனத்த’ என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. கனத்த மௌனம், கனத்த மனம், கனத்த கால்கள், ஓரிடத்தில் கனத்த மாலை. அரிசியும் பருப்பும் வெல்லமும் மூட்டை மூட்டையாக இருக்கிற கடையில் மனம் மட்டும்தான் கனக்கிறதா என்று பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போனேன். பிறகு கடிதத்தைத் திரும்ப எடுத்தபோதுதான் அந்த வரி உறைத்தது. நீங்கள் ஹாஸ்டலில் இருந்தீர்கள். கடைசி நாளன்று நீங்கள் கடையில் இல்லை.

உந்துதல் வறண்டுவிட்டது என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ உங்களுக்குத் தெரிந்தது தீர்ந்துபோயிருக்கிறது என்றுதான் படுகிறது. சின்ன வயதில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கடை 11 பக்கத்துக்குக் காணும். ஷட்டருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. கற்பனையில் நிரப்பலாமே என்றால், அதற்கும் பிடித்து ஏற ஏதாவது ஒன்று வேண்டும்.

இதில் நானே எட்டு மாதம் மாட்டியிருக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றை வைத்து ஒரு குறுநாவல். புருஷன் காலையில் வீட்டை விட்டுப் போய்விட்டான். அவள் உச்சிவெயிலில் நெற்களத்தில் இறங்குகிறாள். இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு என்னென்னவோ நினைவோட்டம் எழுதிக் கிழித்தேன். கடைசியில் வெட்கத்தை விட்டுவிட்டு ஒரு ஆலைக்குப் போய் இரண்டு நாள் ஓரமாக உட்கார்ந்தேன். அவித்த நெல்லைப் பரப்பியிருந்தார்கள். ஆவியோடு ஒரு புளித்த வாடை. பெண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தார்கள். நெல் இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கோடு கோடாக விழ, அடிநெல் மேலே வந்தது. களத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை, திரும்பி மறுபடி இந்த முனை. நடுவே ஒரு அம்மாள் குனிந்து நாலு நெல்லை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உமியை ஊதிவிட்டு, அரிசியைப் பல்லில் கடித்தார். “இன்னும் ஒரு காய்ச்சல் கேக்குது” என்றார். ரொம்பக் காய்ந்தால் அரைக்கும்போது நொய்யாகிவிடும், காயாமல் மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். எல்லாம் அந்தப் பல்லில்தான் இருக்கிறது.

அன்று ராத்திரி என் கதையில் அவள் நடந்தாள். புருஷன் போன நாளிலும் அவள் நெல்லைக் கடித்துப் பதம் பார்க்க வேண்டியிருந்தது. நான் எழுதிக் கிழித்த நினைவோட்டத்தில் ஒரு வரிகூட அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

கெடு வைத்தால் எழுத்து ஓடிவரும் என்பதற்கு ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியைச் சொல்வார்கள். 1866-இல், நவம்பர் முதல் தேதிக்குள் புது நாவல் தராவிட்டால் அவர் எழுத்தையெல்லாம் ஒன்பது வருடம் காசு தராமல் அச்சிட்டுக்கொள்ளப் பதிப்பாளருக்கு உரிமை என்று ஒப்பந்தம். அக்டோபரில் அன்னா என்ற 20 வயதுச் சுருக்கெழுத்துப் பெண்ணை வைத்துக்கொண்டு 26 நாளில் ‘சூதாடி’யைச் சொல்லி முடித்தார். கெடு விரட்டியது உண்மைதான். ஆனால் சொன்னது எதைப் பற்றி? ரூலெட் மேசை. அதற்கு முன்னால் நின்று கைக்காசைத் தொலைத்தவர் அவர். தெரியாத ஒரு தொழிலைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. (அடுத்த ஆண்டே அந்தப் பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டார். அந்த யோகம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.)

இடையில் ஒன்று. எழுத்தோடு தூக்கமும் சாப்பாடும் ஆள்முகம் பார்க்கிற ஆசையும் சேர்ந்து போய்விட்டதென்றால் அது டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம், எழுத்தாளனிடம் அல்ல. உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு எழுந்திருக்காதீர்கள். நன்றாகத் தூங்கிவிட்டு உக்கடத்தில் பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போங்கள். கடன் நோட்டு என்ன ஆனது? கடையை மூடப்போவது தெரிந்ததும் பாக்கி வைத்திருந்தவர்களில் யார் வந்து தீர்த்தார்கள், யார் அடுத்த தெரு வழியாகப் போக ஆரம்பித்தார்கள்? மிஞ்சிய சரக்கை மொத்த வியாபாரி திரும்ப எடுத்தாரா? பொட்டலம் மடித்த பையன் அப்புறம் எந்தக் கடையில் சேர்ந்தான்? அன்று சாயங்காலமும் கல்லாவுக்கு மேலே இருந்த சாமி படத்துக்கு விளக்கு ஏற்றினாரா? இதற்கெல்லாம் பதில் உங்கள் அப்பாவிடம்தான் இருக்கிறது. அவர் சொல்வது உங்கள் 11 பக்கத்தையும் பொய்யாக்கிவிடலாம். ஆக்கட்டும், முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுதுங்கள்.

ஒன்று மட்டும். “அன்னைக்கு உங்களுக்கு எப்படிப்பா இருந்துச்சு” என்று ஆரம்பிக்காதீர்கள். “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்று டிவி பக்கம் திரும்பிவிடுவார். தராசை யாருக்குக் கொடுத்தார், என்ன விலைக்குக் கொடுத்தார் என்று கேளுங்கள்.