அப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கம். மாத்திரை இல்லாமல் இயற்கை வைத்தியத்தில் சரியாகுமா?

அப்பாவுக்கு 66 வயது, ஸ்கேனில் புராஸ்டேட் 48 கிராம், இரவில் நான்கு முறை எழுந்திருக்கிறார், மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடிக்கிறார், நாட்டு மருந்தில் கரைந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு 64 வயது, குரோம்பேட்டைவாசி. டாக்டர் இல்லை. இதே கேள்வியோடு பதினான்கு மாதம் அலைந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

கரையாது. ஆனால் தொந்தரவைக் குறைக்க மருந்தில்லாமலே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. அப்பா அந்த வழியில் போகலாமா என்பதைப் புராஸ்டேட் சுரப்பியின் எடை சொல்லாது. சிறுநீர் கழித்த பிறகு சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதுதான் முக்கியம். இது தெரியாமல்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

எனக்கு முதலில் தெரிந்தது மின்சார ரயிலில். பீச் ஸ்டேஷன் வரை கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம், வண்டியில் கழிவறை கிடையாது. மாம்பலத்திலேயே இறங்கி ஓட வேண்டியதாயிற்று. நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் சொன்னார் என்று பார்க் டவுன் ராசப்ப செட்டித் தெருவுக்குப் போய் நெருஞ்சில் முள்ளும் மாவிலங்கப் பட்டையும் வாங்கிவந்து தினமும் மாலையில் கஷாயம் வைத்தேன். பையன் ஆன்லைனில் சா பால்மெட்டோ காப்ஸ்யூல் வரவழைத்தான். பூசணி விதையும் சாப்பிட்டேன். முதல் இரண்டு மாதம் நன்றாகவே இருந்தது. அந்த நம்பிக்கையில் டாக்டரிடம் போகவே இல்லை.

ஒரு நவம்பர் மழையில் சளி பிடித்தது. மருந்துக்கடையில் சாதாரண சளி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்தேன். விடியற்காலையில் ஒரு சொட்டு வரவில்லை. அடிவயிறு கல் மாதிரி. அந்த வலியை எழுத வார்த்தை இல்லை. மனைவி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். டியூப் போட்டதும் 900 மில்லி வெளியேறியது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் அளவும் ஏறியிருந்தது. பல மாதமாகப் பை முழுதாகக் காலியாகாமல் இருந்திருக்க வேண்டும் என்றார் யூராலஜி டாக்டர். குளோர்பெனிரமின், ஃபெனைல்எஃப்ரின் கலந்த சளி மாத்திரைகள் இப்படிச் சிறுநீரை அடைத்துவிடலாம் என்பதும் அன்றுதான் தெரிந்தது. இன்றே அப்பாவிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

சரி, இந்த மூலிகைகளைப் பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன? சா பால்மெட்டோ என்பது அமெரிக்காவின் ஃபுளோரிடா பக்கம் வளரும் ஒரு குட்டைப் பனை, அதன் பழச்சத்துதான் காப்ஸ்யூலில் இருக்கும். அமெரிக்காவில் 225 பேரைச் சேர்த்து, ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். மருந்தில்லாத வெறும் காப்ஸ்யூல் சாப்பிட்டவர்களுக்கும் இதைச் சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அளவு போதவில்லையோ என்று மூன்று மடங்கு வரை கூட்டிச் செய்த ஆய்வு 2011இல் வந்தது. அதிலும் அதே முடிவு. பூசணி விதை கொஞ்சம் பரவாயில்லை. ஜெர்மனியில் ஒரு வருடம் நடந்த பெரிய ஆய்வில், விதையையே சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 58 பேருக்குத் தொந்தரவு குறைந்தது. மருந்தே இல்லாத போலிக் காப்ஸ்யூல் சாப்பிட்டவர்களில் 47 பேருக்குக் குறைந்தது.

அந்த 47ஐ நினைத்துப் பாருங்கள். மருந்து எதுவும் சாப்பிடாமல் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் குறைந்திருக்கிறது. இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும். "எனக்குக் கேட்டது" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது கஷாயத்தால்தானா என்று அவராலும் சொல்ல முடியாது. என் முதல் இரண்டு மாதமும் அப்படித்தான். பூசணி விதை பிடித்தால் அப்பா சாப்பிடட்டும், கெடுதல் இல்லை. நெருஞ்சில் கஷாயம் வேறு கதை. நீர் பிரிய வைப்பதற்குத்தான் அதைக் கொடுப்பது வழக்கம். வழி அடைத்திருக்கும்போது, அதுவும் மாலையில், நீரைக் கூட்டினால் இரவில் எழுந்திருப்பதுதான் கூடும்.

சித்த மருத்துவமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில்தான் அப்பாவுக்கு நம்பிக்கை என்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. என் வீட்டிலிருந்து அடுத்த ஸ்டேஷன். அதை விட்டுவிட்டு நான் கடையில் கேட்டு வாங்கினேன். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் காட்டி, படித்த சித்த மருத்துவரிடம் கேளுங்கள். லேபிள் இல்லாத பொட்டலத்தில் வரும் செந்தூரம், பற்பம் போன்ற உலோகப் பொடிகள் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். சரியாகச் செய்யாவிட்டால் பாதரசமும் ஈயமும் சிறுநீரகத்துக்குப் போகும்.

எனக்கு உண்மையில் பலன் தந்த இயற்கை வைத்தியம் பழக்கங்கள்தான். ஏழு மணிக்கு மேல் தண்ணீர் குறைவு. ஆனால் வெயில் காலத்தில் பகலில் குறைக்கக்கூடாது, சென்னை வெயிலில் அது தப்பு. மாலைக் காபியை விட்டேன், அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒருமுறை போய்விட்டு, ஒரு நிமிடம் நின்று மறுபடி முயற்சி செய்தால் மிச்சம் கொஞ்சம் வெளியேறும். அப்புறம் மலச்சிக்கல் வராமல் கீரை, வாழைத்தண்டு. கால் வீக்கம் இருந்தால் சாயங்காலம் கொஞ்ச நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுப்பது. இல்லாவிட்டால் பகலில் காலில் தங்கிய நீர் இரவில் சிறுநீராக வரும்.

இதோடு டம்சுலோசின் மாத்திரையும் எடுக்கிறேன். அது சுரப்பியைச் சுருக்காது, வழியைத் தளர்த்தும். சில நாளிலேயே வித்தியாசம் தெரிந்தது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். உட்கார்ந்து நிதானமாக எழுந்திருக்க வேண்டும். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் திட்டம் இருந்தால் இந்த மாத்திரையைப் பற்றிக் கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நான்கு முறை எழுந்தவன் இப்போது ஒரு முறை, சில நாள் இரண்டு முறை.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், தூக்கத்தில் தெரியாமல் படுக்கை நனைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கஷாயப் பேச்சே வேண்டாம், உடனே யூராலஜி டாக்டரைப் பாருங்கள். புராஸ்டேட் புற்றுநோய் சந்தேகம் உண்டா என்று பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை தேவையா என்றும் அவரிடமே கேளுங்கள். வீக்கமும் புற்றுநோயும் ஆரம்பத்தில் வெளியே ஒரே மாதிரி தெரியலாம்.

அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் பி.வி.ஆர். என்று போட்டு ஒரு எண் இருக்கிறதா பாருங்கள், அதுதான் நான் சொன்ன மிச்சம். இல்லையென்றால், சிறுநீர் கழித்த பிறகு மறுபடி பார்த்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.