சுங்கம் வசூலிக்கும் உரிமைக்கு ஆயுள் எவ்வளவு?

கேள்வி: ஹாங்காங் பங்குச் சந்தையில், சாலைச் சுரங்கங்களில் முதலீடு செய்த ஹோல்டிங் நிறுவனம் (பிற நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கும் நிறுவனம்) ஒன்று இருப்பதாகப் படித்தேன். கடலுக்கடியில் செல்லும் பொதுச் சாலை தனியார் சொத்தாக எப்படி இருக்க முடியும்?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது கிராஸ்-ஹார்பர் ஹோல்டிங்ஸ் நிறுவனமாக இருக்க வேண்டும். அதன் கைக்கு வந்ததெல்லாம், குறிப்பிட்ட ஆண்டுகள் வரை சுங்கம் வசூலித்துக்கொள்ளும் உரிமைதான். எதிர்க்கரையான கௌலூனின் ஹங் ஹாம் பகுதியையும் ஹாங்காங் தீவையும் இணைத்து 1972 ஆகஸ்டில் திறக்கப்பட்ட முதல் துறைமுகச் சுரங்கம், தனியார் கட்டி, நடத்தி, தவணை முடிந்ததும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற, கட்டுமானக் காலத்தையும் சேர்த்து எண்ணிய 30 ஆண்டு உரிமத்தில் உருவானது. 1999-இல் அது அரசின் கைக்குப் போய்விட்டது.

அதற்கு முன்பே, 1997-இல், மேற்குத் துறைமுகச் சுரங்கம் திறக்கப்பட்டிருந்தது. அதை நடத்திய தனி நிறுவனத்தில் கிராஸ்-ஹார்பருக்குப் பாதிப் பங்கு. ஆண்டு நிகர வருவாய், அந்தச் சுரங்கத்துக்கான சட்டத்தில் குறித்த கீழ்வரம்பைத் தொடாவிட்டால் கட்டணத்தை உயர்த்திக்கொள்ள அந்தச் சட்டமே இடம் கொடுத்தது. விளைவு, காருக்குப் பழைய சுரங்கத்தில் 20 ஹாங்காங் டாலர், மேற்குச் சுரங்கத்தில் 75 டாலர் என்றானது. ஹங் ஹாம் நுழைவாயிலில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்க, அகலமான மூன்று தட புதுச் சுரங்கத்தில் இடம் மீதமிருந்தது. முதலீட்டாளருக்குக் காப்பு தந்த அந்த ஏற்பாட்டின் சுமையை நெரிசலில் நின்றவர்களே சுமந்தார்கள் என்பது என் கருத்து. 2023 ஆகஸ்டில் மேற்குச் சுரங்கமும் அரசுக்கு வந்தது; அந்த ஆண்டு டிசம்பரிலேயே, கிழக்குத் துறைமுகச் சுரங்கத்தையும் சேர்த்து மூன்று துறைமுகச் சுரங்கங்களுக்கும் நேரத்துக்கேற்ப மாறும் ஒரே கட்டண முறை நடைமுறைக்கு வந்தது.

கேள்வி: அப்படியானால், இத்தகைய நிறுவனம் தாராளமாக ஈவுத்தொகை கொடுப்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்: சற்றுச் சந்தேகத்தோடுதான். உரிமம் முடியும் நாளில் சுரங்கத்தை விற்று முதலை மீட்க வழியில்லை என்பதால், ஆண்டுதோறும் வரும் பணத்தில் லாபத்தோடு போட்ட முதலின் ஒரு பகுதியும் கலந்தே வருகிறது. குத்தகைத் தோப்பின் மகசூலைப் போல. கணக்கேட்டிலும் அந்த உரிமையின் மதிப்பை ஆண்டுக்கு ஆண்டு கழித்துக்கொண்டே வருவார்கள். ஆகவே, பங்கு விலையை ஓராண்டு லாபத்தோடு மட்டும் ஒப்பிட்டு ‘மலிவு’ என்று முடிவு கட்டுவது தவறு. எந்த உரிமத்தில் எத்தனை ஆண்டு பாக்கி, துணை நிறுவனங்களில் பங்கு எத்தனை சதவீதம், சேர்ந்த பணம் எங்கே போகிறது என்ற மூன்றையும் ஆண்டறிக்கையில் தேடிப் பாருங்கள். கிராஸ்-ஹார்பரின் 2023-க்கு முந்தைய அறிக்கைகளைப் புரட்டினால், சுரங்கங்களோடு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளும், மின்னணுச் சுங்க வசூலும், பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போட்ட பெருந்தொகையும் தென்படும். 2023-இல் மேற்குச் சுரங்கமும் கைவிட்டுப் போனதால், அதன் லாபம் இனிப் பெருமளவு சந்தையின் ஏற்ற இறக்கத்தைச் சார்ந்தே அமையும்.