ரோலர் கோஸ்டர் சீட்டைத் துடைப்பதே இல்லையா என்று கேட்டவருக்கு

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தீம் பார்க் போனதாகவும், ரோலர் கோஸ்டரில் சீட்டும் தோளுக்கு மேல் இறங்கும் பாரும் ஊறிப்போன சாக்கு மாதிரி நாறியதாகவும் எழுதி, "அங்கே வேலை செய்பவர்கள் துடைப்பதே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். துடைக்கிறார்கள். நான் கண்ணால் பார்த்தவன்.

நான் கரூர்க்காரன். பஸ் பாடி கட்டும் ஊர். இருபத்திரண்டு வருஷமாகச் சீட் குஷன் வேலை. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. அந்த ரூட்டில் ஓடும் வண்டிகள் சீட் மாற்ற வரும்போது எந்த வரிசையில் வாந்தி எடுத்தார்கள் என்று உறையைப் பிரிக்காமலே சொல்லிவிடுவேன். வாடை விஷயத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல இது போதும் என்று நினைக்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பார்க்கிலிருந்து கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். சீட் உறை கிழிகிறது, வாடை வருகிறது, மாற்றித் தர வேண்டும் என்றார்கள். 'லோக்கல் ஆளை வைத்து ரைடில் கை வைப்பதா' என்று யாராவது கேட்பீர்கள். லாக், பெல்ட், பார் எதையும் நாங்கள் தொடவில்லை, அதற்கு அவர்களிடம் தனி ஆள் இருந்தார். எங்கள் வேலை உறையும் ஃபோமும் மட்டும்.

முதல் சீட்டின் தையலைப் பிளேடால் பிரித்து ஃபோமை இரண்டு கையாலும் அழுத்தினேன். பழுப்புத் தண்ணீர் மணிக்கட்டு வரை வழிந்தது. மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது, அது மழைத் தண்ணீர் கிடையாது. அடிப்பக்கம் மிளகு தூவினது போல் கரும்புள்ளியாகப் பூஞ்சை. இடுக்கில் நிலக்கடலைத் தோலும் ஒரு கம்மல் திருகும் கிடந்தன.

விஷயம் இதுதான். வியர்வைக்குத் தனியாக வாடை பெரிதாகக் கிடையாது. ஈரத்தில் இருக்கும் பாக்டீரியா அதைத் தின்னும்போதுதான் வாடை கிளம்புகிறது. நீங்கள் போனது மே மாத லீவாக இருக்கும், மதியத்துக்கு மேல் ஏறியிருப்பீர்கள். அதற்குள் அலைக்குளத்தில் நனைந்த ஆட்கள் சொட்டச் சொட்ட அதே சீட்டில் நூறு தடவை உட்கார்ந்து எழுந்திருப்பார்கள். (குளத்தில் 'குளோரின் வாசம்' என்கிறோமே, குளோரின் வியர்வையோடும் மூத்திரத்தோடும் சேர்ந்தால்தான் மூக்கைக் குத்தும் அந்த நெடி வரும்.) ரெக்ஸின் மேலே தண்ணீர் நிற்காது, சரி. ஆனால் ஒவ்வொரு தையலும் ஒரு ஓட்டை. உள்ளே இருப்பது சாதாரண சோபா ஃபோம், அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். வெயிலில் ரெக்ஸின் வெடித்துவிட்டால் இன்னும் மோசம்.

அந்தப் பார்க்கில் காலையில் ஏழு மணிக்கே வாளியோடு ஒரு அக்கா வருவார். ஒவ்வொரு சீட்டாகச் சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்துவிட்டு ஹோஸ் பிடித்து அலசுவார். அந்தத் தண்ணீரும் ஃபோமுக்குள்தான் போகும். பத்து மணிக்கு மேனேஜர் மோந்து பார்த்துவிட்டு அத்தனை பேர் முன்னால் அவரைத் திட்டுவார். "தெனமும் தொடைக்கறனுங்க தம்பி, வாசம் போகவே மாட்டீங்குதுங்க, ஊட்டுக்குப் போனா எம்மேலயும் அதே வருது" என்று என்னிடம் சொன்னார். திட்டுக்குப் பயந்து ஒருநாள் பிளீச்சிங் பவுடரோடு கக்கூஸ் கழுவும் ஆசிட்டைக் கலந்துவிட்டார். அதில் குளோரின் வாயு கிளம்பும். நல்லவேளை திறந்த வெளி. அரை மணி நேரம் இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வீட்டில்கூட யாரும் அந்த இரண்டையும் சேர்க்காதீர்கள்.

நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சோபா ஃபோமைத் தூக்கிவிட்டு, செருப்பு அடிப்பாகத்துக்குப் போடும் ஈவிஏ ஷீட்டை அடுக்கி ஒட்டினோம். அது தண்ணீர் குடிக்காது. தையலை உட்காரும் பக்கத்திலிருந்து அடிப்பக்கம் தள்ளி, கீழே நாலு ஐலெட் (வளையம் போட்ட ஓட்டை) அடித்து, நுழையும் தண்ணீர் வடிய வழி விட்டோம். உட்கார்ந்தால் கொஞ்சம் கட்டையாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு நிமிஷ சவாரிக்கு அது போதும்.

இந்த வேலைக்கு மரியாதை மட்டும் கிடையாது. என் தம்பிக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில், காங்கேயம் பக்கம், "பஸ் பாடிங்கறீங்க, கடைசீல சீட்டுத் தைக்கறவருங்களா" என்று பெண்ணின் பெரியப்பா கேட்டார். கூட வந்த மாமா பதில் பேசவில்லை, காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டார் ஊட்டிக்கும் பழனிக்கும் போகிற பஸ்ஸில் முதுகு சாய்வது யார் தைத்ததில்? தம்பிக்கு இப்போது முப்பத்தி மூன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், எழுத வந்துவிட்டது.

நான் பார்க்குக்காரர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஃபோமை மாற்றாமல் துடைக்கிறவரைத் திட்டுவது அவர்கள் தப்புதான். அடுத்த தடவை ஏறும்போது சீட்டின் தையல் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஈரம் கசிந்தால் ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுங்கள். வாளியோடு நிற்கிற அக்காவிடம் ஒன்றும் கேட்க வேண்டாம்.