நாயோடு டிரெய்லரில் அமெரிக்கச் சமவெளி: கேள்வி பதில்

கான்சஸ், நெப்ராஸ்கா, இரண்டு டகோட்டாக்கள் என்ற மாநிலங்களில் டிரெய்லரை (உள்ளேயே தங்கும் வசதியுள்ள இழுவை வண்டி) இழுத்துக்கொண்டு போகும்போது நாயையும் கூட்டிப்போக நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. மே முதல் செப்டம்பர் வரையிலான பயணத்தை மனதில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

டல்லாஸிலிருந்து: அக்கா, எங்கள் லாப்ரடார் காரில் ஓயாமல் குரைக்கிறது. டிரெய்லருக்குள் அதன் படுக்கையைப் போட்டு அங்கேயே விட்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்காதா?

வேண்டவே வேண்டாம். ஓடும் டிரெய்லரில் ஏசி ஓடாது. வெயிலில் உள்ளே 100 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டுவது சாதாரணம். அச்சுக்குப் பின்னால் குலுக்கலும் மிக அதிகம். டயர் வெடித்தால் பிய்ந்த ரப்பர் சக்கரத்துக்கு மேலே உள்ள தரைப்பலகையைக் கிழித்துக்கொண்டு உள்ளேயே வந்துவிடும். இதெல்லாம் நடக்கும்போது முன்னால் ஓட்டுகிற உங்களுக்கு ஒன்றும் கேட்காது.

நாயின் இடம் வண்டியின் பின்சீட். மோதல் சோதனை செய்யப்பட்ட ஹார்னஸை (மார்பைச் சுற்றிப் போடும் பட்டை) போட்டு சீட் பெல்ட்டோடு இணையுங்கள், அல்லது கூண்டை நான்கு மூலையிலும் கட்டி வையுங்கள். கழுத்துப்பட்டையில் மட்டும் மாட்டாதீர்கள், திடீர் பிரேக்கில் கழுத்து முறியும். கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி 15 நிமிடம் நடக்க விடுங்கள். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தினமும் அரை மணி நேரம் காரில் பழக்கினால் குரைப்பது பெரும்பாலும் அடங்கிவிடும். வாந்தி எடுக்கிற நாயென்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே மாத்திரை கேட்டு, வீட்டிலேயே ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

நியூஜெர்சியிலிருந்து: தெற்கு டகோட்டாவின் வால் (Wall) ஊரில் டிரெய்லரை நிறுத்தி, நாய்க்கு ஏசி போட்டுவிட்டு, அதிபர்களின் முகம் செதுக்கிய மவுண்ட் ரஷ்மோர் மலையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம். சரிதானே?

சரியில்லை. வாலிலிருந்து ரஷ்மோர் போக மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏசி நின்றுவிட்டால் அவ்வளவு தூரத்திலிருந்து நீங்கள் திரும்பி வருவதற்குள் காலம் கடந்துவிடும். நிறுத்தி வைத்த காருக்குள் முதல் பத்து நிமிடத்திலேயே சுமார் 20 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறும். டிரெய்லர் அதைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சூடாகும், ஆனால் கட்டாயம் சூடாகும்.

ஏசி ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 13,500 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசி ஓடும்போது சுமார் 13 ஆம்ப் இழுக்கும். 30 ஆம்ப் இணைப்பில் கூடவே மின்சார வாட்டர் ஹீட்டரும் ஓடி, மைக்ரோவேவும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். கேம்ப்கிரவுண்ட் (டிரெய்லர், கூடாரம் போட்டுத் தங்கும் இடம்) நிரம்பியிருக்கும் நாளில், மாலை நான்கு மணிக்கு எல்லாருடைய ஏசியும் ஓடும்போது மின்னழுத்தம் இறங்கும். 104 வோல்ட்டுக்குக் கீழே போனால் நல்ல சர்ஜ் புரொட்டெக்டர்கள் (மின்னழுத்தக் காப்புக் கருவிகள்) மின்சாரத்தையே துண்டித்துவிடும். ஏசி மோட்டார் தப்பிக்கும், உள்ளே இருக்கும் நாய் மாட்டிக்கொள்ளும். இடிமழையில் கரண்ட் போவது தனி.

ஊரில் இருக்கும்போதே ஒரு சோதனை செய்யுங்கள். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது மெயின் பிரேக்கரை அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். சில டிஜிட்டல் தெர்மோஸ்டாட்கள் பழைய அமைப்பை மறந்து 'ஆஃப்' நிலையிலேயே நின்றுவிடும். உங்களுடையது அப்படி என்றால், கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் நாய்க்கு ஏசி கிடையாது.

சிம் கார்டும் சொந்த பேட்டரியும் உள்ள வெப்பநிலைக் கருவி வாங்குங்கள். 80 டிகிரியில் ஒரு எச்சரிக்கை, மின்சாரம் போனால் ஒரு எச்சரிக்கை என்று அமையுங்கள். அதற்கும் சிக்னல் வேண்டும். பாட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவைச் சுற்றிப் பல இடங்களில் சிக்னல் கிடையாது, கருவி பேசாமல் இருப்பதை 'எல்லாம் நலம்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூரை விசிறியை 12 வோல்ட் பேட்டரியில் தானாக ஓடும்படி வையுங்கள். வெளிக்காற்றை விடக் குளிர்விக்காது என்றாலும் உள்ளே சூடு அடைபடாமல் வைத்திருக்கும். ஜன்னல்களுக்கு வெள்ளித்தாள் ஒட்டிய தடுப்பு, தண்ணீர் இரண்டு கிண்ணம் (ஒன்றைக் கவிழ்த்துவிடும்), கதவில் உங்கள் போன் எண் எழுதிய சீட்டு. இத்தனையும் செய்த பிறகும் இருபது நிமிடத்தில் திரும்பக்கூடிய தூரத்தைத் தாண்டாதீர்கள். பல கேம்ப்கிரவுண்டுகளில் நாயைத் தனியே விடுவதற்கே அனுமதியில்லை, முதலிலேயே கேளுங்கள். பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களை வெயில் நாளில் தனியே விடவே கூடாது.

ரஷ்மோருக்கு நல்ல வழி ஒன்று உண்டு. ராப்பிட் சிட்டியில் நாயை ஒரு பகல் பார்த்துக்கொள்ளும் இடத்தில் விடுங்கள். ரேபிஸ் (வெறிநோய்), டிஸ்டெம்பர்-பார்வோ, கென்னல் காஃப் (நாய் இருமல்) ஆகிய மூன்றின் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள்.

மினியாபொலிஸிலிருந்து: 24 அடி டிரெய்லர், சுமார் 6,000 பவுண்டு. சமவெளிக் காற்று டிரெய்லரை ஆட்டிவிடும் என்கிறார்கள். எவ்வளவு காற்றில் ஓட்டலாம்?

காற்றுக்கு முன்னால் எடையைப் பாருங்கள். டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் ஹிட்ச் மேல் இறங்கும் எடை, அதாவது டங் வெயிட், டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். உங்களுக்கு 600 முதல் 900 பவுண்டு. இதற்குக் குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். நாய்க் கூண்டு, 40 பவுண்டு தீவன மூட்டை, மடக்கு வேலி எல்லாவற்றையும் பின்பக்கம் அடுக்குவது பலர் செய்யும் தவறு. தண்ணீர்த் தொட்டியும் அச்சுக்குப் பின்னால் இருந்தால், 40 கேலன் நிரப்பும்போது 330 பவுண்டு பின்னால் போய் உட்காரும். நாய், ஆட்கள், தண்ணீர், பெட்ரோல் எல்லாம் ஏற்றிய பிறகு டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடையில் ஏறி எடை பாருங்கள். சுவே கன்ட்ரோலோடு (ஆட்டத்தை அடக்கும் அமைப்பு) கூடிய, எடையைப் பரப்பும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் உங்கள் எடைக்கு அவசியம்.

டிரெய்லருக்கென்றே செய்த எஸ்டி (ST) டயர்கள் பலவற்றின் வேக வரம்பு மணிக்கு 65 மைல்தான். நெடுஞ்சாலையில் 80 என்று பலகை இருந்தாலும் அது உங்களுக்கானது இல்லை. காற்றழுத்தத்தைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள்.

நிலையான காற்று மணிக்கு 25, 30 மைலைத் தொட்டாலோ, திடீர் வீச்சு 40 மைலுக்குப் போனாலோ நிறுத்திவிடுவது நல்லது. பக்கவாட்டுக் காற்றென்றால் அதற்கும் முன்பே. டிரெய்லர் ஆட ஆரம்பித்துவிட்டால், இழுக்கும் டிரக்கின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கைநெம்புகோலை மெல்ல அழுத்துங்கள். டிரெய்லர் மட்டும் பின்னுக்கு இழுபட்டு நேராகும்.

சமவெளியில் விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற வலுக்கும். ஐந்தரைக்குக் கிளம்பி மதியம் ஒரு மணிக்குள் நிறுத்திவிடுங்கள், நாய்க்கும் அதுவே நல்லது. எதிர்க்காற்றில் பெட்ரோல் கண்முன்னே கரையும், பாதித் தொட்டியிலேயே நிரப்புங்கள். நிறுத்திய இடத்தில் கதவைத் திறக்கும் முன் வாரை மாட்டிவிடுங்கள். காற்று கதவைக் கையிலிருந்து பிடுங்கும் அதே நொடியில் நாய் வெளியே குதித்து நெடுஞ்சாலைக்கு ஓடும்.

சிகாகோவிலிருந்து: பாட்லாண்ட்ஸில் நாயோடு நடக்க நல்ல பாதை எது?

பாட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் எந்த நடைபாதையிலும் நாய்க்கு அனுமதி இல்லை. சாலை, வண்டி நிறுத்துமிடம், கேம்ப்கிரவுண்ட், அவ்வளவுதான், அதுவும் 6 அடி வாரில். வடக்கு டகோட்டாவின் தியோடர் ரூஸ்வெல்ட் பூங்காவிலும் பாதைகளில் நாய் கூடாது. நாயோடு வருபவர்கள் பூங்காப் பெயர்களை வைத்துப் பயணத்தைத் திட்டமிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தேசியப் புல்வெளிகளை வைத்துத் திட்டமிடுங்கள்.

பாட்லாண்ட்ஸை ஒட்டியே பஃபலோ கேப் தேசியப் புல்வெளி சுமார் 6 லட்சம் ஏக்கரில் கிடக்கிறது. வனத்துறை நிலம், நாயோடு நடக்கலாம், இலவசமாகத் தங்கலாம். தண்ணீர், மின்சாரம், நிழல் மூன்றும் கிடையாது. மழை பெய்தால் அங்குள்ள களிமண் பசையாகிச் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். மழை வரும் என்று தெரிந்தால் முந்தைய நாளே சரளைச் சாலை ஓரத்துக்கு வந்துவிடுங்கள். பூங்காவுக்குள் இருக்கும் சேஜ் க்ரீக் கேம்ப்கிரவுண்டும் இலவசம், ஆனால் 18 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு இடமில்லை, காட்டெருமைகள் கூடாரங்களுக்கு நடுவே மேயும். நாயைக் கண்டால் அவை விலகாது, எதிர்த்து வரும்.

நெப்ராஸ்காவில் ஸ்காட்ஸ் பிளஃப், ஆகேட் ஃபாஸில் பெட்ஸ் என்ற தேசிய நினைவிடங்கள் இரண்டிலும் வாரில் பிடித்த நாயோடு பாதையில் நடக்கலாம். தெற்கு டகோட்டாவின் விண்ட் கேவ் தேசியப் பூங்காவில் பிரெய்ரி விஸ்டா, எல்க் மவுண்டன் என்ற இரண்டு சிறு பாதைகள் நாய்க்குத் திறந்திருக்கின்றன. கான்சஸின் டால்கிராஸ் பிரெய்ரி என்ற பாதுகாக்கப்பட்ட புல்வெளியில் சில பாதைகளில் மட்டும் அனுமதி உண்டு, காட்டெருமை மேயும் பகுதிக்குள் நாய் கூடாது. சிறு ஊர்களின் நகரப் பூங்காக்களையும் மறக்காதீர்கள். குறைந்த கட்டணத்தில் மின் இணைப்பும், நாய்க்கு மரநிழலும் கிடைக்கும்.

ஆஸ்டினிலிருந்து: பாம்பைத் தவிர வேறு எதற்குப் பயப்பட வேண்டும்?

பாம்பைவிடப் புல்லுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஃபாக்ஸ்டெயில் புல்லின் விதையில் சுணை பின்னோக்கி இருக்கும். நம்மூர் ஊசிப்புல் வேட்டியில் ஏறுவது போல அது ஒரே திசையில், முன்னோக்கி மட்டுமே நகரும். விரலிடுக்கில் புகுந்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்ச் சீழ் கட்டும், மூக்கில் போனால் விடாமல் தும்மல், காதில் போனால் தலையை ஒரு பக்கமே சாய்த்து ஆட்டும். ஒவ்வொரு நடைக்குப் பின்னும் விரலிடுக்கு, அக்குள், காது, ஈறு என்று விரலால் தடவிப் பாருங்கள். தோலுக்கு மேலே தெரிந்தால் இடுக்கியால் எடுத்துவிடலாம், மறைந்துவிட்டால் மருத்துவர்தான். விரலிடையில் உள்ள நீள முடியைக் கிளம்பும் முன் வெட்டிவிடுவது பாதி வேலையைக் குறைக்கும்.

அங்கே கோட்ஹெட் என்று சொல்லும் முள் வேறெதுவும் இல்லை, நம் நெருஞ்சியேதான். கேம்ப்கிரவுண்ட் சரளையில் நிறைய இருக்கும், நாய் திடீரென்று மூன்று காலில் நின்றால் முதலில் பாதத்தைப் பாருங்கள்.

ராட்டில்ஸ்னேக் கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கட்டுப் போடாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். கழுத்துப்பட்டையையும் ஹார்னஸையும் உடனே கழற்றுங்கள், முகம் வீங்கினால் அவை இறுக்கும். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போங்கள். கிளம்பும்போதே போன் செய்து 'ஆன்டிவெனம் (விஷமுறி மருந்து) இருக்கிறதா' என்று கேளுங்கள், எல்லா மருத்துவமனையிலும் இருக்காது. பாம்புத் தடுப்பூசி போட்டிருந்தாலும் மருத்துவரிடம் போவதைத் தவிர்க்க முடியாது.

பிரெய்ரி நாய் என்பது நாயல்ல, அணில் இனத்துக் கொறிவிலங்கு; அதன் வளைகளுக்கு அருகே உங்கள் நாயை விடாதீர்கள். அவற்றின் தெள்ளுப்பூச்சிகள் பிளேக் கிருமியைச் சுமக்கும். பாட்லாண்ட்ஸை ஒட்டிய கொனாட்டா பேசினில் 2008-இல் அது பரவியது. பண்ணைக்காரர்கள் அந்த வளைகளில் விஷத்தீனியும் வைப்பதுண்டு. தெள்ளுக்கும் உண்ணிக்கும் சேர்த்து வேலை செய்யும் மருந்தைக் கிளம்பும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

அட்லாண்டாவிலிருந்து: சூறாவளி (டொர்னாடோ) எச்சரிக்கை வந்தால் நாயோடு எங்கே போவது?

டிரெய்லருக்குள் மட்டும் இருக்காதீர்கள், கட்டிப்போட்ட டிரெய்லரும் கவிழும். மேம்பாலத்தின் அடியிலும் ஒதுங்காதீர்கள், அங்கே காற்று இன்னும் வேகமாகப் பாயும். கேம்ப்கிரவுண்டில் பதிவு செய்யும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒதுங்குமிடம் எங்கே, நாயை உள்ளே விடுவார்களா? பல இடங்களில் கான்கிரீட் குளியலறைக் கட்டடமே ஒதுங்குமிடம்.

எச்சரிக்கைகள் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) பெயரைச் சொல்லித்தான் வரும். நீங்கள் இருக்கும் கவுண்டியின் பெயரையும், மேற்கே பக்கத்து கவுண்டிகளின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோவில் அந்த கவுண்டியின் ஆறு இலக்க எண்ணைப் பதியுங்கள், சிக்னல் இல்லாத இடத்தில் போன் எழுப்பாது. 'வாட்ச்' என்றால் சூறாவளி உருவாக வாய்ப்பு உண்டு: நாய்க்கு ஹார்னஸ் மாட்டி, காலணி போட்டுத் தயாராகுங்கள். 'வார்னிங்' என்றால் அந்த நிமிடமே கிளம்புங்கள். படுக்கும் முன் தினமும் வெயில் மறைப்பை மடக்கிவிடுங்கள். இடிக்கு நடுங்கும் நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும், இழுத்து எடுக்க நேரம் இருக்காது. அந்த இடைவெளியை முன்பே பெட்டிகளால் அடைத்து வையுங்கள்.

சான் ஹோசேயிலிருந்து: போன பயணத்தில் மூன்றாம் நாளே நாய்க்கு வயிற்றுப்போக்கு. தீவனம் மாற்றவில்லையே?

தண்ணீர் மாறியிருக்கும். மேற்கு டகோட்டாப் பகுதிக் கிணற்று நீரில் சல்பேட் அதிகம், அது பேதி மருந்து போல வேலை செய்யும். நாய்க்குத் தனியாகத் தண்ணீர் எடுத்துப் போங்கள். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 60 மில்லி, வெயிலில் அதைப்போல இரண்டு மடங்கு. 25 கிலோ நாய்க்கு மூன்று லிட்டர் என்று கணக்கு வையுங்கள்.

குளம், நீர்த்தேக்கத்தில் பச்சை பெயிண்ட் கொட்டியது போல ஆடை படர்ந்திருந்தால் பக்கத்திலேயே விடாதீர்கள். அது நீலப்பச்சைப் பாசி, குடித்த சில மணி நேரத்தில், சிலசமயம் நிமிடங்களில், வலிப்பு வரலாம். நனைந்துவிட்டால் முடியை நக்கும் முன் சுத்த நீரில் அலசுங்கள்.

அதே நண்பர்: வயிறு சரியாகத் தயிர்சாதம் கொடுக்கலாமா அக்கா?

தாளிக்காத, உப்புப் போடாத தயிர்சாதம் கொஞ்சம் கொடுக்கலாம். நீங்கள் சாப்பிடும் கிண்ணத்திலிருந்து எடுத்து வைக்காதீர்கள். அதில் போடுகிற திராட்சை, உலர்ந்ததோ பச்சையோ, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் ஆகாது.

சியாட்டிலிலிருந்து: ஸ்லைடு அவுட் உள்ள டிரெய்லர் புதிதாக வாங்கியிருக்கிறோம். நாய் விஷயத்தில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஸ்லைடை, அதாவது மோட்டாரில் வெளியே நீண்டு இடத்தைக் கூட்டும் பக்கப் பகுதியை, இழுக்கும்போதும் தள்ளும்போதும் நாய் டிரக்கில் கட்டியிருக்க வேண்டும், 'இங்கேதான் எங்கேயோ இருக்கிறது' என்பது போதாது. நகரும் தரைக்கு அடியில் நிழல் தேடிப் படுத்திருக்கும், மோட்டார் சத்தத்தில் அதன் குரல் கேட்காது. பொத்தானை அழுத்துபவர் அழுத்தும் முன் நாயைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். கம்பி வலை போட்ட படிக்கட்டில் பல நாய்கள் ஏறாது, நகம் மாட்டும். படியின் மேல் சுற்றிக் கட்டும் கம்பளத் துண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து: என்னென்ன காகிதம் வேண்டும்? வழியில் மருத்துவர் கிடைப்பாரா?

ரேபிஸ் சான்றைக் காகிதமாக வைத்திருங்கள், போனிலும் ஒரு படம். மாநிலம் தாண்டுவதற்கான உடல்நலச் சான்று பல மாநிலங்களின் சட்டத்தில் உண்டு, பெரும்பாலும் 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். மைக்ரோசிப்பில் பதிந்த போன் எண் இப்போதைய எண்தானா என்று இன்றே பாருங்கள்.

சிறு ஊர் மருத்துவர்கள் பெரும்பாலும் மாடு பார்ப்பவர்கள், இரவில் கிடைப்பது அரிது. இரவு அவசரத்துக்கு ராப்பிட் சிட்டி, சூ ஃபால்ஸ், ஓமஹா, லிங்கன், விச்சிட்டா, டென்வர் போன்ற பெரிய ஊர்களை நம்புங்கள். கான்சஸின் மன்ஹாட்டனிலும் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸிலும் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைகள் உள்ளன. ஒவ்வொரு இரவும் தங்குமிடத்திலிருந்து மிக அருகில் உள்ள மருத்துவமனையின் பெயர், எண், போகும் நேரம் மூன்றையும் சிக்னல் இருக்கும்போதே எழுதி டிரக் டேஷ்போர்டில் வைத்துவிடுங்கள்.